ஆய்வேடு அலமாரியில் இருக்கிறது, தரவு எங்கே?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆய்வுத் தரவு. அதை எப்படித் திட்டமிட்டுச் சேர்ப்பது, எப்படிக் காப்பது, எப்படிப் பிறரோடு பகிர்வது, இதில் பல்கலைக்கழகத்தின் கடமை என்ன என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். கணினித் துறைக்காரர்களுக்கான பேச்சு இது என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பவருக்கும் இது உண்டு. நெல் வயலில் அளவெடுப்பவருக்கும் உண்டு. மருத்துவமனை வார்டில் நோயாளியிடம் கேள்வி கேட்பவருக்கும் உண்டு.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் போங்கள். 20 ஆண்டுகளுக்கு முன் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கேளுங்கள். கெட்டி அட்டையும் பொன்னெழுத்துமாக அது உங்கள் கைக்கு வந்துவிடும். அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அந்த ஆய்வேட்டின் நான்காம் இயலில் ஓர் அட்டவணை இருக்கிறதே, அந்த அட்டவணைக்கு அடியில் இருந்த வினாத்தாள்கள் எங்கே? ஒவ்வொரு மாதிரிக்கும் எடுத்த அளவீடுகள் எங்கே? பதிவு செய்த ஒலிநாடாக்கள் எங்கே? நூலகருக்குத் தெரியாது. துறைக்குத் தெரியாது. நெறியாளர் ஓய்வு பெற்றிருப்பார். மாணவர் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போயிருப்பார். ஆய்வின் முடிவைக் காத்தோம். அந்த முடிவுக்குக் காரணமான சான்றைக் காத்தோமா?

இது நம் ஊர்க் குறை மட்டும் அன்று. 2014இல் கரன்ட் பயாலஜி என்ற இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்தது. தாவரங்களையும் விலங்குகளையும் அளந்து எழுதிய 516 கட்டுரைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சில வெளிவந்து 2 ஆண்டுதான் ஆகியிருந்தது. சிலவற்றுக்கு 22 ஆண்டு. எழுதியவர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் தரவைத் தர முடியுமா என்று கேட்டார்கள். கட்டுரைக்கு ஒரு வயது கூடும்போதெல்லாம் தரவு பிழைத்திருக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு குறைந்துகொண்டே வந்தது. ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி வேலை செய்யும் வாய்ப்பும் ஆண்டுதோறும் 7 விழுக்காடு குறைந்தது. யாரும் தீயிட்டுக் கொளுத்தவில்லை, யாரும் திருடவில்லை. பழைய ஃபிளாப்பியில் கிடந்தது, பழைய கணினியோடு போனது, வீடு மாறும்போது தொலைந்தது. அவ்வளவுதான்.

தமிழ்த்துறை நண்பர்களுக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 1990களில் கணினிக்கு வந்த நம் ஆய்வாளர்கள் எத்தனை எழுத்துருக்களில் தட்டச்சு செய்தார்கள்! பாமினி ஒரு பக்கம், டிஸ்கி ஒரு பக்கம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற தரங்கள். இவற்றோடு அச்சகத்துக்கு அச்சகம் ஒரு தனி எழுத்துரு. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. அதற்கு முன் தட்டச்சு செய்த வட்டாரச் சொல் தொகுப்பையோ கள ஆய்வுக் குறிப்பையோ இன்று திறந்து பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும் கலந்து சிதறிக் கிடக்கும். மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால், எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால்தான் மாற்ற முடியும். அந்தக் கோப்போடு ஒரே ஒரு வரிக் குறிப்பு இருந்திருந்தால் போதும். ஒரு வரி! அந்த ஒரு வரி இல்லாமல் பல ஆண்டு உழைப்பு வாய்மூடிக் கிடக்கிறது.

ஒலிநாடாக்களின் கதையும் அதுவே. மேலுறையில் ‘ஒப்பாரி 3’ என்று எழுதியிருக்கும். பாடியவர் யார்? எந்த ஊர்? எந்த ஆண்டு? யாருடைய சாவுக்குப் பாடியது, அல்லது ஆய்வாளர் கேட்டதற்காகப் பாடிக் காட்டியதா? பெயர்ச்சீட்டு கிழிந்த மருந்துக் குப்பியைப் போல அது இருக்கிறது. உள்ளே மருந்து அப்படியே இருக்கலாம். எடுத்துக் கொடுக்கத் துணியும் மருத்துவர் இருக்க மாட்டார். தரவைப் பற்றிய குறிப்பும் தரவே என்பதை நாம் முதலில் மனத்தில் இருத்த வேண்டும்.

இழந்ததையே சொல்லிக்கொண்டிருக்க நான் வரவில்லை. காத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் சான்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தார். 1916இல் அவர் தம் மாணவர்களிடம், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரையே ஆராய்ந்து வாருங்கள் என்றார். நிலம் யாரிடம் எவ்வளவு இருக்கிறது, கூலி என்ன, கடன் எவ்வளவு, குடும்பச் செலவு என்ன என்று ஊர் ஊராக எழுதி வந்தார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரம், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி, செய்யாறு பக்கத்து தூசி ஆகிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. 1918இல் அது நூலாக வந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும் அவரோடு பணியாற்றியவர்களும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் இருவேல்பட்டுக்குப் போனார்கள். நிலம் கைமாறிய வரலாறு, கூலி உயர்ந்த வரலாறு, சாதியின் பிடி தளர்ந்த இடமும் தளராத இடமும் என ஒரு நூற்றாண்டின் கிராம வாழ்வை இன்று ஊர் பெயரோடு பேச முடிகிறது. எப்படி முடிந்தது? 1916இல் ஒரு மாணவர் விடுமுறையில் எழுதிய எண்கள், அடுத்து வருபவர் எடுத்துப் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்ததால் முடிந்தது. அந்த மாணவருக்கு 2008இல் யார் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்திருக்குமா? தெரியாது. தரவைக் காப்பவருக்கு அதைப் பயன்படுத்தப்போகிறவர் யார் என்று ஒருபோதும் தெரியாது. தெரியாமலே காக்க வேண்டும்.

கொடைக்கானலைப் பற்றியும் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன். 1876-78 காலத்துப் பெரும் பஞ்சத்துக்குப் பின், சூரியனுக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியின் வழியில் 1899இல் பிறந்தது கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1904 முதல் சூரியனைக் கண்ணாடித் தட்டுகளில் படம்பிடித்து, நாளும் நேரமும் குறித்து வைத்தார்கள். இந்திய வானியற்பியல் நிறுவனம் அந்தத் தட்டுகளை எண்மப் படமாக்கிப் பொதுவில் வைத்திருக்கிறது. இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் சூரியப் புள்ளிகளின் நூறாண்டு ஏற்ற இறக்கத்தை ஆராய்பவர் அதைத் தேடி வருகிறார்.

ஸ்லேட்டரின் மாணவர்களுக்கும் கொடைக்கானல் ஊழியர்களுக்கும் வாய்த்த ஒன்று இன்றைய ஆய்வு மாணவருக்கு வாய்க்கவில்லை. அவர்களுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. எதை அளப்பது, எப்படிக் குறிப்பது, எங்கே வைப்பது என்று முன்கூட்டியே யாரோ முடிவு செய்திருந்தார்கள். இன்று நாம் ஒரு மாணவரைப் பதிவு செய்கிறோம். தலைப்பைக் கேட்கிறோம், நோக்கத்தைக் கேட்கிறோம், முன்னாய்வுகளைக் கேட்கிறோம். தரவை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கிறோமா? வாய்மொழித் தேர்வு வரைக்கும் யாரும் கேட்பதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்தபின் கேட்டால் பதில் இருப்பதில்லை.

அந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டு, பதிலை எழுதி வாங்குவதற்குப் பெயர்தான் தரவு மேலாண்மைத் திட்டம். பெயர் பெரிதாக இருக்கிறது. பொருள் ஒன்றிரண்டு பக்கத்துக்குள் அடங்குவது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனம் 2011 ஜனவரி முதல் நிதி கேட்கும் ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்கிறது. இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது அவர்கள் விதி. அந்நாட்டு தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் 2023 ஜனவரி 25 முதல் கேட்கின்றன. தரவைக் காப்பதற்கு ஆகும் செலவையும் நிதி விண்ணப்பத்தில் சேர்த்துக் கேட்கலாம் என்று இடமும் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்கும்? ஒரு மாணவியை நினைத்துக்கொள்வோம். நாகப்பட்டினம் கடலோரத்துக் கிணறுகளில் நீர் எவ்வளவு உவர்ந்திருக்கிறது என்று ஆராய வருகிறார். மூன்று ஆண்டு, பல பருவங்கள், நூற்றுக்கணக்கான மாதிரிகள். நீரின் மின்கடத்து திறனை அளப்பார். அளந்ததை எக்செல் கோப்பில் ஏற்றுவார். அந்தப் பத்தியின் தலைப்பில் மைக்ரோசீமென்ஸா மில்லிசீமென்ஸா என்று எழுதவில்லை என்றால் என்ன ஆகும்? இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு வேறுபாடு. அவருக்கு இன்று தெரியும். அடுத்த ஆண்டு அதே ஆய்வகத்துக்கு வரும் மாணவர் ஊகிக்க வேண்டியிருக்கும். அளவுக் கருவியை எப்போது சரிபார்த்தார்? மாதிரி எடுத்தது மழைக்கு முன்பா பின்பா? கிணற்றின் ஆழம் என்ன? ‘கிணறு 14’ என்பது எந்தக் கிணறு? இவற்றையெல்லாம் ஒரு தனித்தாளில் எழுதித் தரவோடு சேர்த்தே வைப்பேன் என்று அவர் திட்டத்தில் எழுத வேண்டும்.

கோப்புக்குப் பெயர் வைப்பதையும் அங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். நம் மாணவர்களின் கணினியில் என்ன பெயர்கள் இருக்கின்றன என்று நமக்கெல்லாம் தெரியும். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் நியூ’, ‘சார் கரெக்‌ஷன்’, ‘லாஸ்ட் ஃபைனல்’. எதை வைத்து ஆய்வேட்டின் அட்டவணை போடப்பட்டது என்று ஆறு மாதம் கழித்து அவர்களுக்கே தெரியாது. அது அவர்கள் குற்றம் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முதலில் எடுத்த அளவீடு இருக்கும் கோப்பைத் தொடாதே; திருத்துவதையெல்லாம் நகலில் செய்; கோப்பின் பெயரில் தேதியைப் போடு. இந்த மூன்றையும் சொல்ல எத்தனை நேரம் ஆகும்?

எந்த மென்பொருளில் வைக்கிறோம் என்பதும் சிறிய செய்தி இல்லை. மரபணு ஆய்வாளர்களைக் கேளுங்கள். ‘செப்ட்2’ என்று ஒரு மரபணுவுக்குப் பெயர் இருந்தது. அதை எக்செலில் அடித்தால் செப்டம்பர் 2 என்று தேதியாக்கிவிடும். 2016இல் சோதித்துப் பார்த்தபோது, எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

பிறகு, எங்கே வைப்பது? ஒரு பென் டிரைவில் வைத்தால் அதை வைத்ததாகக் கொள்ள முடியாது. மூன்று பிரதி வேண்டும். இரண்டு வகைச் சாதனங்களில் வேண்டும். ஒன்று வேறொரு கட்டடத்தில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தில் இருந்தால் பயமில்லை என்று எண்ணுபவர்களுக்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில், அங்கே மீகணினியின் காப்புப் பிரதி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் 77 டெராபைட் தரவு அழிந்தது. சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்களுடையவை. அவற்றில் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்புப் பிரதியிலிருந்தும் மீட்க முடியவில்லை. காப்புப் பிரதி எடுக்க வந்த நிரலே அழித்துவிட்டது! ஆகவே எடுத்த பிரதி சரியாகத் திறக்கிறதா என்று அவ்வப்போது திறந்து பார்ப்பதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

இதுவரை சொன்னது பொருளைக் காப்பது. இனிச் சொல்வது மனிதரைக் காப்பது. என்னைக் கேட்டால், திட்டத்தை ஆய்வு தொடங்குமுன் எழுதியே ஆக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

கிணற்றுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். நோய்க்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். பாட்டுக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் தருவதை வேறு ஆய்வாளர்களுக்கும் கொடுக்கலாமா என்று அவரிடம் எப்போது கேட்பது? அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது கேட்க வேண்டும். ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இல்லையென்றால், ஐந்து ஆண்டு கழித்து அவரைத் தேடிப் பிடித்துக் கேட்க முடியாது. பகிர ஆசை இருந்தும் பகிர முடியாத தரவாக அது நின்றுவிடும். இல்லையேல், கேட்காமலே பகிர்ந்த பழி வந்து சேரும்.

அந்தப் பழி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்ற சிறு பழங்குடி வாழ்கிறது. அவர்களிடையே நீரிழிவு மிகுந்திருந்தது. 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவர்களிடம் இரத்த மாதிரி எடுத்தார்கள். நீரிழிவை ஆராயத்தான் என்று நம்பி அந்த மக்கள் கையை நீட்டினார்கள். பின்னர் அதே இரத்தத்தை வைத்து மனச்சிதைவு நோயைப் பற்றியும், உறவுக்குள் மணம் செய்வதைப் பற்றியும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. வழக்கு நடந்தது. 2010இல் பல்கலைக்கழகம் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுத்து, எஞ்சிய இரத்த மாதிரிகளைத் திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பும், மாதிரி திரும்பும். நீட்டிய கையில் இருந்த நம்பிக்கை திரும்புமா?

நீலகிரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் மாணவர்களை அனுப்பும் துறையினர் இந்த அவையில் இருக்கலாம். அவர்கள் இதை இன்று இரவே தங்கள் ஒப்புதல் படிவத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 2023இல் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் வருமுன்பே அறம் இருந்தது. தரவைப் பகிர்வது என்றால் எல்லாவற்றையும் தெருவில் கொட்டுவது என்று பொருள் இல்லை. பெயரை நீக்கிப் பகிரலாம். ஊரின் பெயரை மறைத்து மாவட்டத்தை மட்டும் சொல்லலாம். விண்ணப்பித்து, உறுதிமொழி கொடுத்தவருக்கு மட்டும் திறக்கலாம். சிலவற்றைத் திறக்காமலே காக்கலாம். இயன்ற அளவு திறந்து வைப்பது, தேவையான அளவு மூடி வைப்பது என்பதே ஐரோப்பிய ஒன்றியம் தன் நிதி பெறும் ஆய்வுகளுக்கு வகுத்த நெறி. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இனிப் பகிர்வுக்கு வருவோம். ‘கேட்டால் தருகிறோம்’ என்று கட்டுரையின் கடைசியில் எழுதுவது இன்று வழக்கமாகிவிட்டது. கேட்டால் தருகிறார்களா? 2019 ஜனவரியில் வெளிவந்த மருத்துவ, உயிரியல் கட்டுரைகளில் அப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். தரவைக் கொடுத்தவர்கள் 122 பேர், 7 விழுக்காடுகூட இல்லை. மற்றவர்கள் மறுத்தார்கள், அல்லது பதிலே எழுதவில்லை. இவர்களெல்லாம் தீயவர்களா? இல்லை, நண்பர்களே. பலருக்குத் தேடி எடுக்க நேரம் இல்லை; பலருக்குக் கோப்பு எங்கே என்றே தெரியாது; பலருக்கு அச்சம்.

அச்சத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ‘நான் வெயிலில் அலைந்து சேர்த்ததை வேறொருவர் எடுத்துக் கட்டுரை எழுதிவிடுவாரே’ என்று ஒரு மாணவர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் உண்டு. தரவை இணையக் களஞ்சியம் ஒன்றில் இப்போதே வைக்கலாம், திறப்பதை ஓராண்டோ இரண்டாண்டோ தள்ளிப்போடலாம். அதற்குள் உங்கள் கட்டுரை வந்துவிடும். களஞ்சியம் உங்கள் தரவுக்கு நிலையான அடையாள எண் (டி.ஓ.ஐ.) கொடுக்கும். எடுத்துப் பயன்படுத்துபவர் உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். அணுத்துகள் ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ களஞ்சியத்தில் இதையெல்லாம் கட்டணம் இல்லாமல் இன்றைக்கே செய்யலாம். தேதியோடு, பெயரோடு பொதுவில் இருக்கும் தரவைத் திருடுவது கடினம். மேசை இழுப்பறையில் இருப்பதைத் திருடுவது எளிது.

‘பிழை கண்டுபிடித்துவிட்டால்?’ என்பது அடுத்த அச்சம். இதை வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். பெயர்பெற்ற பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அரசின் கடன், நாட்டின் உற்பத்தி மதிப்பில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாகச் சுழியத்துக்கும் கீழே, 0.1 விழுக்காடு சரிவுக்குப் போகிறது என்றது கட்டுரை. பல நாட்டு அரசியல்வாதிகள் அதைக் காட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆய்வு மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. ஆசிரியர்களிடம் கேட்டார். அவர்கள் தங்கள் எக்செல் கோப்பையே அனுப்பினார்கள். ஒரு சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. அதோடு வேறு சில கணக்கீட்டு முடிவுகளையும் மாற்றிப் பார்த்தபோது, சரிவு இருந்த இடத்தில் 2.2 விழுக்காடு வளர்ச்சி வந்தது. 2013இல் இது வெளிவந்தது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பிழையோடு நிறுத்திவிடுகிறார்கள். கோப்பை அனுப்பினார்களே, அதை நான் போற்றுகிறேன். அனுப்பியிராவிட்டால் அந்தத் தவறான எண் இன்னும் எத்தனை நாடுகளின் வரவு செலவுத் திட்டத்தில் உட்கார்ந்திருக்கும்? ஏழை மக்களின் எத்தனை உதவித் திட்டங்களை அது வெட்டியிருக்கும்? அந்தக் கோப்பு மூன்று ஆண்டுக்கு முன், கட்டுரையோடு சேர்ந்தே வெளிவந்திருந்தால் இன்னும் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்?

பகிர்வது வழக்கமாகிவிட்ட துறையும் உண்டு. அந்தத் துறையின் வரலாற்றில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு என்பதால் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

புரதங்களின் அணு அமைப்பை ஆராய்பவர்கள் 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொடங்கும்போது அதில் இருந்தவை 7 அமைப்புகள். தொடக்கத்தில் பலர் தரவைக் கொடுக்கத் தயங்கினார்கள். பல ஆண்டு உழைத்துக் கண்டதை எப்படிச் சும்மா கொடுப்பது என்று கேட்டார்கள். துறைக்குள்ளேயே வாதாடினார்கள், கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். தரவு வங்கியின் எண் இல்லாமல் கட்டுரையை ஏற்க மாட்டோம் என்று இதழ்கள் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கின. இன்று அங்கே 2 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் இருக்கின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் கண்டறிந்த ரைபோசோம் அமைப்பும் அங்கே இருக்கிறது. அங்கு வரும் ஒவ்வொரு புரத அமைப்பும் நம்பத் தக்கதா என்று சரிபார்க்கும் சோதனைகளில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது. கிண்டி வளாகத்தில் பிறந்த ஒரு கணக்கு, உலகின் தரவு வங்கிக்கு வாயில் காவலாக நிற்கிறது!

அந்த வங்கியில் பலர் வைத்த தரவைக் கற்றுத்தான் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு பிறந்தது. 2024இல் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதி அதற்காக டெமிஸ் ஹசாபிஸுக்கும் ஜான் ஜம்பருக்கும் போயிற்று. 1971இல் 7 அமைப்புகளை வைத்தவர்கள் இதை எதிர்பார்த்தார்களா? எதிர்பார்த்திருக்கவே முடியாது. ஆனால், இது நல்லெண்ணத்தால் மட்டும் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. வைக்க ஓர் இடம் இருந்தது. வைத்தே ஆக வேண்டும் என்று விதி இருந்தது. வைத்தவருக்குப் பெயர் கிடைத்தது. இடம், விதி, பெயர். நம் பல்கலைக்கழகங்களில் இந்த மூன்றும் இல்லாமல், பகிருங்கள் பகிருங்கள் என்று மாணவரிடம் மட்டும் சொல்வது நியாயம் ஆகாது.

நம் நாட்டில் கொள்கை இல்லாமல் இல்லை. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. 2021இல் உயிரித் தொழில்நுட்பத் துறை தரவுப் பரிமாற்ற நெறிகளை வெளியிட்டது. 2022இல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதி 2025 ஜனவரியில் அங்கிருந்துதான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கங்கள்தான். ஆனால் அந்த வெளிச்சம், வட்டார வழக்கை ஆராயும் ஒரு கல்லூரி மாணவியின் மேசை வரைக்கும் இன்னும் வரவில்லை. வரச் செய்ய வேண்டியவர் தில்லியில் இல்லை; இந்த அவையில் இருக்கிறார்.

நம்மால் முடியுமா என்ற ஐயம் வேண்டாம். 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு விதி செய்தது. ஆய்வேட்டின் எண்மப் பிரதியைப் பல்கலைக்கழகங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அன்று எத்தனை எதிர்ப்பு! இன்று ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் பல லட்சம் ஆய்வேடுகள் இருக்கின்றன. அதைத் திறக்காமல் எந்த மாணவரும் தலைப்புத் தேடுவதில்லை. ஆய்வேட்டுக்குத் திறந்த அந்த வாயிலைத் தரவுக்கும் திறக்க வேண்டும்.

அதற்கு ஆள் வேண்டும். மாணவர் போய்விடுவார், நெறியாளர் ஓய்வு பெறுவார், நூலகம் இருக்கும். ஆகவே நூலகத்தில் தரவுக்கென்று பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்த வேண்டும். மாணவர் திட்டம் எழுதும்போது அருகில் அமர்ந்து உதவுபவராக அவர் இருக்க வேண்டும். படிவத்தில் முத்திரை குத்தி அனுப்பும் இன்னொரு சாளரமாக அவரை ஆக்கிவிட்டால் எல்லாம் கெட்டது. தரவைக் காக்கும் செலவை ஆய்வு நிதியிலேயே ஒதுக்க வேண்டும். பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு மானியக் குழு 2018இல் தந்த மதிப்பெண் அட்டவணையில் கட்டுரைக்கு இடம் உண்டு, நூலுக்கு உண்டு, காப்புரிமைக்கு உண்டு. பிறர் எடுத்தாளும் தரவுத் தொகுப்புக்கென்று தனியிடம் இல்லை. அந்த இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். எழுபது கட்டுரைக்கு உதவிய ஒரு தரவைத் தொகுத்தவருக்கு மதிப்பெண் இல்லை என்றால், அடுத்தவர் ஏன் தொகுப்பார்?

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். முனைவர் குழுக் கூட்டம் ஒவ்வொன்றிலும் மாணவர் இயல்களைக் காட்டுகிறார். அடுத்த கூட்டத்தில் கோப்புறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எது மூலத் தரவு, எங்கே இரண்டாம் பிரதி, குறிப்புத்தாள் எங்கே என்று கேளுங்கள். பத்து நிமிடம் போதும். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால் அவர் எழுதி வைப்பார்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். பல்கலைக்கழகம் விதி செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் தரவுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதுங்கள். உங்களை ஒருமுறையும் பார்த்திராத ஒருவர், உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தத் தரவைப் புரிந்துகொள்ள வேண்டும். அதை நினைத்து எழுதுங்கள்.

ஆட்சிக்குழுவிலும் கல்விப்பேரவையிலும் இடம்பெற்றிருக்கும் பெரியவர்களுக்கு என் கடைசி வேண்டுகோள். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் மூன்று தீர்மானங்களைச் சேருங்கள். வரும் கல்வியாண்டில் பதிவு செய்யும் மாணவர் பதிவின்போதே இரண்டு பக்கத் தரவுத் திட்டம் தர வேண்டும். ஆய்வேட்டோடு தரவும் நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்; மூட வேண்டியதை மூடி வைக்க வழி இருக்க வேண்டும். அதைப் பெற்றுக் காக்க நூலகத்தில் ஒரு பணியிடம் உருவாக வேண்டும். இவற்றில் முதலாவதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. அதையாவது இந்த ஆண்டே நிறைவேற்றுங்கள்.